வாளின் மெய்யும் வாளின் பெயரும்

தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய செய்தி புறநானூற்றிற் காணப்படுவது. அவன் படைக்கலங்கள் மயிற்றோகையும் பூமாலையும் பூண்டு, துருவேறாவண்ணம் பேணப்பட்டுக் காவல் மிக்க மாளிகையில் இருந்தன. அதியமானின் படைக்கலங்களோ போரிற் பழுதுபட்டுக் கொல்லன் பட்டடையிற் கிடந்தன. புகழ்வதுபோலப் பழித்தும் பழிப்பதுபோலப் புகழ்ந்தும் பேசிய அப்புலவர், படைக்கலத்தை நோக்கும் பார்வை இருவகைப்படும் என்பதை நமக்கு உணர்த்திச் சென்றார். பேணத்தக்க அழகுப் பொருளாக நோக்குவது ஒன்று. போர்க் கருவியாக நோக்குவது மற்றொன்று.

யப்பானிய வாள்களைத் தொகுப்போர் இவ்விரு பார்வைகளுள் ஒன்றை மேற்கொண்டு மற்றதைக் கைவிடுதல் பெருவழக்காக உள்ளது. வாளை இனங்காண அவர்கள் கையாளும் நெறி மிக நுண்ணியது. வரலாறும் இலக்கியமும் பயிலும் மாணவர் எவரும் கற்றுப் பயன்கொள்ளத்தக்கது. ஆயின், அந்நெறியைக் கொண்டு அவர்கள் வழங்கும் தீர்ப்புகள் சில மறுஆய்வுக்கு உரியன. நெறியின் சிறப்பையும் தீர்ப்பின் குறையையும் ஒருங்கே எடுத்துக் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானிய வாள் தன் நாட்டை விட்டு வெளியேறிய வரலாற்றை முதலில் அறிதல் நன்று. 1876ஆம் ஆண்டு பிறந்த அரசாணையொன்று, சாமுராய் வகுப்பார் பொதுவிடங்களில் வாள் தரிக்கும் உரிமையை நீக்கியது. பயனிழந்த வாள்கள் பல விலைப்பட்டு மேனாடுகளுக்குச் சென்றன. எனினும் வாள்கள் பெருந்தொகையாகச் சிதறியது 1945இன் சரணாகதிக்குப் பின்னரேயாம். தென்கிழக்காசிய நேசப் படைகளின் உயர் தளபதியாகிய மவுண்ட்பேற்றன் பிரபு, யப்பானிய அதிகாரிகள் தத்தம் வாளைத் தம் கையாலேயே சடங்கு முறையாக ஒப்படைத்தல் வேண்டும் என வற்புறுத்தினார். அவருடைய தலைமையகம் 1944 ஏப்பிரில் முதல் நம் நாட்டிற் பேராதனைப் பூங்காவில் இயங்கியது என்பது பலர் அறிந்ததே. பெருந்தளபதி தெராவுச்சி 1945 நவம்பர் 30ஆம் நாள் சைகோன் நகரில் இரு வாள்களை அவரிடம் அளித்தார். அவற்றுள் ஒன்று மன்னர் ஆறாம் ஜோர்ஜைச் சென்றடைந்தது. பசிபிக் அரங்கிற் போரிட்ட அமெரிக்க, அவுஸ்திரேலியப் படைவீரரும் வாள்களை வெற்றியின் சின்னமாகத் தத்தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர்.

யப்பானிலோ நிலைமை இதனினும் கொடிதாயிற்று. ஆயுதம் அனைத்தையும் ஒப்படைக்குமாறு ஆக்கிரமிப்புப் படையினர் ஆணையிட்டனர். கோயில்களிலும் குடிகளின் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்ட வாள்கள் காவல் நிலையங்களிற் குவிந்தன. தொக்குகாவா குடும்பத்தின் குலதனமாகிய ஹொன்ஜோ மசமுனே என்னும் வாள், 1939இல் நாட்டின் அரும்பொருளெனப் பதியப்பட்டது. அதுவும் 1945 திசெம்பரில் தோக்கியோ நகரின் மெஜிரோக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதன்பின் அதனைக் கண்டார் இலர். ஹொம்மா ஜுன்ஜி முதலிய வாளறிஞர் படை அதிகாரிகளை அணுகி, கலைப்பெறுமதி உடைய வாள் ஆயுதமாகக் கருதத்தக்கதன்று என எடுத்துரைத்தனர். அவர்தம் முயற்சியால் அத்தகைய வாள்களுக்கு விலக்களிக்கப்பட்டது. தோக்கியோவின் அக்கபானே களஞ்சியத்திற் குவிந்தவற்றுள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை தெரிந்தெடுத்துக் காக்கப்பட்டன. 1948இல் யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. ஆகவே, வாளை இனங்காணல் என்பது பொழுதுபோக்காக மட்டும் வளர்ந்த கலையன்று. எது கலை, எது கருவி என்னும் வினாவுக்கு விடை சொல்ல வல்லார் இருந்தமையாற் சில வாள்கள் பிழைத்தன. விடை சொல்லப்படாதவை அழிந்தன.

இனி, அந்நெறியை நோக்குவாம். யப்பானியர் வாளின் அடித்தண்டிற் பொறிக்கப்பட்ட கொல்லன் பெயரை ‘மெய்’ என வழங்குவர். தமிழில் மெய் என்பது உண்மைக்கும் உடலுக்கும் பெயர். ஒலியளவில் அமைந்த இவ்வொற்றுமை தற்செயலானதே. ஆயினும் வாளாராய்ச்சியின் சாரம் முழுவதையும் இச்சொல்லைக் கொண்டே விளக்கிவிடலாம். பொறிக்கப்பட்ட ‘மெய்’ பலகாற் பொய்யாக இருத்தல் உண்டு. பொய்ப்பெயர் பொறித்தலை அவர்கள் ‘கிமெய்’ என்பர். வாளின் உடலாகிய மெய்யே வாளைப்பற்றிய உண்மையாகிய மெய்யைக் கூறும். பெயரை இறுதியிற் படித்தல் வேண்டும் என்பதே தேர்ந்தார் வகுத்த முறை.

இம்முறையைப் பயிலுதற்கென வாளறிஞர் கூடும் அவைகள் உண்டு. அங்கே வாளின் அடித்தண்டு மூடப்பட்டிருக்கும். பயில்வோர் அலகை மாத்திரம் நோக்கி, ஆக்கியோன் இன்னான் என எழுதிக் கொடுப்பர். சரியாகச் சொன்னவனுக்கு ஒரு தீர்ப்பு; அக்கொல்லனின் ஆசிரியனையோ நெருங்கிய உறவுடைய வேறொரு கொல்லனையோ குறித்தவனுக்கு ‘சரிக்கு நிகர்’ என்னும் பொருள்பட வேறொரு தீர்ப்பு. இவ்விரண்டாந் தீர்ப்பு சிந்தித்தற்குரியது. தனியொருவன் பெயரினும் அவன் சார்ந்த மரபே முதன்மையாக அறியத்தக்கது என்னும் உண்மை அதிற் பொதிந்து கிடக்கின்றது. ஏட்டுச் சுவடியை ஆராய்வோன் நூன்முகத்திற் கண்ட ஆசிரியர் பெயரை நம்பிவிடாது, நடையையும் சொல்லாட்சியையும் கொண்டு காலத்தைத் துணிவதை இஃது ஒக்கும்.

அலகை நோக்குவோன் முதலிற் காண்பது வடிவம். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் ‘தாச்சி’ என்னும் நெடுவாள், குதிரைமேல் இருந்து போர் செய்தற்கு ஏற்ப மெலிந்து நீண்டு, பிடியை அடுத்துப் பெரிதும் வளைந்திருக்கும். 1274, 1281ஆம் ஆண்டுகளில் மொங்கோலியர் படையெடுத்த காலத்தை ஒட்டி வாள் அகன்று தடித்தது. பதினான்காம் நூற்றாண்டில் ஆளுயரத்தை எட்டும் பெருவாள்கள் தோன்றின. பின்னர்க் காலாட்படை பெருகவே, கூர்விளிம்பு மேல்நோக்க இடைக்கச்சிற் செருகும் ‘கத்தானா’ வழக்கிற்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுக்கூற்று வாள்கள் வளைவு குறைந்து, நுனி நோக்கி ஒடுங்கியிருக்கும். இவ்வாறு, போர்முறையின் மாற்றம் வாளின் வளைவிற் பதிந்து கிடக்கின்றது. நீளமும் வகையை உணர்த்தும். ஒரு ‘ஷாக்கு’ 30.3 சென்ரிமீற்றர். இரண்டு ஷாக்குவும் அதற்கு மேலும் நீண்டது நெடுவாள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது ‘வாக்கிசாஷி’. ஒன்றிற் குறைந்தது ‘தாந்தோ’ என்னும் குறுவாள்.

அடுத்துக் காண்பது எஃகு. இருப்புமணலைக் கரியோடு உலையில் இட்டுப் பெற்ற எஃகைக் கொல்லன் பன்முறை மடித்து அடிப்பான். அம்மடிப்பின் வரி மரத்தின் வைரவரி போல அலகின் மேற்பரப்பிற் புலப்படும். யமாத்தோ மரபில் அது நேர்வரியாகச் செல்லும். வேறு மரபுகளில் மரக்கணு போலச் சுழித்து நிற்கும். மூன்றாவது, தோய்ச்சற் கோடு. அலகிற் களிமண் பூசி, விளிம்பில் மெலிதாகவும் முதுகிற் கனமாகவும் அமைத்து, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்ப்பர். விரைந்து குளிரும் விளிம்பு கடினமாகும். மெல்லக் குளிரும் முதுகு துவளும் தன்மை பெறும். இவ்விரண்டும் கூடும் எல்லையே தோய்ச்சற் கோடு. ஒளிக்கெதிரே பிடித்து நோக்கின், சில வாள்களில் அக்கோடு பனிமூட்டம் போலவும், சிலவற்றில் விண்மீன் சிதறியது போலவும் தோன்றும். பனிமூட்டமும் கிராம்புப்பூ நிரை போன்ற அலைவும் பிசென் மரபின் அடையாளம். மின்னும் துகள் சொஷூ மரபின் அடையாளம். யமாஷிரோ, யமாத்தோ, பிசென், சொஷூ, மினோ என ஐம்மரபாகப் பழைய வாள்களை வகுப்பர்.

இவற்றுக்குப் பின்னரே மூங்கில் ஆணியைக் கழற்றிப் பிடியை நீக்கி, அடித்தண்டை நோக்குதல் தகும். அங்கேயுள்ள துருவே தக்க சான்று. பல நூற்றாண்டுகள் கழிந்த துரு கருமை பாய்ந்து இறுகியிருக்கும். அண்மைக்காலத் துரு செம்மை கொண்டு உதிரும். பொறித்த எழுத்தின் பள்ளத்துள் உள்ள துரு சுற்றியுள்ள துருவோடு ஒவ்வாதாயின் ஐயம் எழும். அரத்தின் வரி சாய்ந்த திசை, ஆணித்துளைகளின் தொகை, தண்டின் முடிவு ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சான்றாகும். நெடுவாளைக் குறுக்கிக் கத்தானாவாக்கிய காலத்தில் அடித்தண்டு வெட்டப்பட்டமையாற் பெயர் அழிந்த பெருவாள்கள் பல. இக்காரணத்தினால், அடித்தண்டின் துருவைத் தேய்த்து விளக்குதல் வாளுக்கு இழைக்கும் பெருந்தீங்கு என அறிந்தோர் கூறுவர். நல்லெண்ணத்தோடு ‘சுத்தம்’ செய்த கைகளால் அழிந்த சான்றுகள் அளவில.

பெயர் ஏன் இறுதியிற் படிக்கத்தக்கது என்பதற்கு எடுத்துக்காட்டுகள் வேண்டின், அவை பல உள. ஒசாஃபுனே என்னும் ஊரிற் சுக்கேசாதா என்னும் பெயரைத் தலைமுறை தலைமுறையாகப் பலர் பொறித்தனர். பெயர் ஒன்றாயினும் கை வேறு, தரம் வேறு. பதினேழாம் நூற்றாண்டிற் கவசத் தொழில் விட்டு வாள்தொழில் புகுந்த கொத்தெத்சுவின் பெயரைப் பிறர் பொறித்தமை அளவிறந்தது. கொத்தெத்சு எனக் கண்டால் முதலிற் பொய்யெனக் கொள் என்பது அந்நாட்டார் வழங்கும் எச்சரிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த மசமுனே, தன் வாள்களிற் பெயர் பொறித்தது மிக அரிது. அதனால், அத்தகைய ஒருவன் இருந்தானா என்றே 1896இல் வாளறிஞர் ஒருவர் ஐயம் எழுப்பினார். இன்று அவ்வையம் ஏற்கப்படுவதில்லை. பெயர் பொறித்தவை மிகச் சிலவாகவும், அவன் மரபும் மாணாக்கர் கையும் அவனை நிலைநாட்டி நிற்கின்றன.

இதுகாறும் கூறியவை பழைய வாள்களுக்கு உரியன. போர்க்கால வாள்களுக்கு வேறு சில அடையாளங்கள் உண்டு. 1934, 1938ஆம் ஆண்டுகளின் தரைப்படை அதிகாரி வாள்கள் பழைய தாச்சியின் கோலத்தில் அமைந்தவை. பிடியிலும் உறையிலும் செரிமலர் ஒப்பனை காணப்படும். குஞ்சத்தின் நிறம் பதவியைக் காட்டும்: பழுப்போடு நீலம் இளநிலை அதிகாரிக்கும், பழுப்போடு செம்மை மேனிலை அதிகாரிக்கும், அவற்றோடு பொன்னிறமும் சேர்ந்தது தளபதிக்கும் உரியன. 1937இன் கடற்படை வாளின் உறை கருநிற அரக்குப் பூசியோ திருக்கைத் தோல் போர்த்தியோ இருக்கும். 1935இல் ஏற்கப்பட்ட கீழ்நிலைத் தலைவர் வாள் முற்றிலும் பொறியால் ஆக்கப்பட்டது. அதன் பிடி முதலிற் செம்பாலும் பின்னர் அலுமினியத்தாலும் வார்க்கப்பட்டு, நாடா சுற்றியது போல வண்ணம் தீட்டப்பட்டது. அலகில் எண் வெட்டப்பட்டிருக்கும். உறையின் எண்ணும் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும்.

ஆயின், அணிகலம் அலகைக் கூறாது. அதிகாரிகள் தம் முன்னோரின் பழைய அலகைப் போர்க்காலப் பிடியிலும் உறையிலும் பூட்டி எடுத்துச் சென்றமை பெருவழக்கு. எனவே ஈண்டும் அடித்தண்டை நோக்குதல் வேண்டும். சேக்கி என்னும் எழுத்தையோ ‘ஷோ’ என்னும் எழுத்தையோ உடைய சிறு முத்திரை, பெரும்பாலும் மரபு முறையன்றி எண்ணெயில் தோய்த்து ஆக்கிய அலகைக் குறிக்கும். அத்தகைய அலகின் கோட்டில் மின்னும் துகள் பெரும்பாலும் இராது. விண்மீன் முத்திரை, தரைப்படை ஏற்ற கொல்லர் பழைய முறைப்படி ஆக்கியதைக் குறிக்கும். நங்கூர முத்திரை கடற்படைச் சாலைக்கு உரியது. கடற்காற்றுக்கு அஞ்சித் துருவேறா எஃகிலும் அங்கே வாள் செய்தனர். 1933இல் யசுக்குனி ஆலய வளவில் அமைந்த கொல்லுக்கூடத்தில் 1945 வரை எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட வாள்கள் மரபு முறைப்படியே ஆக்கப்பட்டன. தாய்ரன் நகரில் தென்மஞ்சூரிய இருப்புப்பாதைக் கும்பனி ஆக்கிய வாள்களில், ஆசியா எழுக, நெஞ்சம் ஒன்றாகுக என்னும் கருத்துடைய முழக்கம் பொறிக்கப்பட்டது. காலம் பொறித்த வாள்களில் ‘ஷோவா’ ஆண்டு காணப்படின், அத்துடன் 1925ஐக் கூட்டுக: ஷோவா 18 என்பது 1943.

நெறி இத்துணைச் சிறந்ததாயினும், அதன்வழி நிற்போர் தீர்ப்பில் மூன்று குறைகள் காணப்படுகின்றன.

முதலாவது, உடலையும் உடையையும் பிரித்தல். அழகை நாடுவோர் பழைய அலகைக் கண்டதும் போர்க்கால அணிகலத்தைக் கழற்றி எறிவர். சரணடைந்த நாளில் உடையவன் பெயரெழுதிக் கட்டிய மரச்சீட்டோ துணிச்சீட்டோ குப்பையாயிற்று. போர்ச்சின்னம் நாடுவோர் அணிகலத்தின் வண்ணத்தையும் எண்ணையும் பேணி, உள்ளிருக்கும் அறுநூறாண்டு அலகைத் துருவுக்கு இரையாக்குவர். இருவரும் ஒரே வாளின் இருவேறு பாதிகளை அழிக்கின்றனர். முன்னோன் ஒருவன் ஆக்கிய அலகை 1942இல் ஓர் அதிகாரி பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கொண்டு சென்றான் எனின், அச்செலவும் அவ்வாளின் வரலாற்றில் ஓர் இயலேயாம். அச்சீட்டுகள் எஞ்சியமையாற் சில வாள்கள் உரிய குடும்பத்தை மீண்டும் அடைந்தன என்பதை எண்ணுக.

இரண்டாவது, பொய்ப்பெயரை அழித்தல். இன்று வாளின் விலை, பாதுகாப்புச் சங்கம் வழங்கும் சான்றிதழைப் பெரிதும் பற்றி நிற்கின்றது. பொய்ப்பெயர் உடைய வாளுக்குச் சான்றிதழ் இல்லை. ஆதலால், நல்ல அலகில் உள்ள பொய்ப்பெயரை உடையோர் அரத்தால் நீக்கிப் பெயரற்ற வாளாக்கி, உண்மை மரபின் பெயரிற் சான்றிதழ் பெறுகின்றனர். பொய்யை நீக்குதல் நன்றன்றோ எனின், அன்று என்போம். அப்பொய்யும் ஒரு காலத்தார் செயல். எக்கொல்லன் பெயர் எக்காலத்தில் விலைபோயிற்று, வாங்குவோர் எதனை நம்பினர் என்பவற்றுக்கு அதுவே சான்று. சுவடியில் இடைச்செருகல் கண்ட பதிப்பாசிரியன் அதனைச் செருகல் எனக் குறித்து வைப்பான்; ஏட்டைக் கிழித்தல் அவன் தொழிலன்று. பெயரை நம்பாதே எனக் கற்பித்த நெறியே தாளில் எழுதிய பெயரொன்றைத் தேடி அலகைச் சுரண்டுதல் முரணாகும். சான்றிதழ் புதியதொரு ‘மெய்’ ஆகிவிட்டது.

மூன்றாவது, போர்க்கால வாளை வெறும் இரும்பெனத் தள்ளுதல். இதற்குச் சட்டமும் துணைநிற்கின்றது. யப்பானில் 1958ஆம் ஆண்டின் சுடுகலன், வாட் சட்டத்தின்படி, கலையாகவோ தொன்மைப் பொருளாகவோ மதிக்கத்தக்க வாளே பதிவு பெறும். பொறியால் ஆக்கிய படைவாளுக்கு அங்கே இடமில்லை. கிடைத்தால் ஒப்படைத்து அழித்தற்கே உரியது. 1945இல் அழிவினின்று பழைய வாள்களைக் காத்தற்கு ‘கலை’ என்னும் சொல் கேடயமாயிற்று. அதனைக் குறைகூறல் தகாது. ஆயின் கேடயமாகப் பிறந்த சொல்லை வரலாற்றின் அளவுகோலாக்கினமையே பிழை.

அவ்வளவுகோல் எத்துணை உறுதியற்றது என்பதைப் பதினாறாம் நூற்றாண்டே காட்டும். உள்நாட்டுப் போர் மலிந்த அக்காலத்தில் ஒசாஃபுனேயிலும் சேக்கியிலும் தொகைக் கணக்கில் அடித்துக் குவித்த மலிவு வாள்கள் எண்ணில. மிங் அரசர் ஆண்ட சீனத்துக்குப் பதினாயிரக் கணக்கில் வாள்கள் விலைப்பொருளாகச் சென்றன. அவற்றுள் எஞ்சியவை இன்று தொன்மை என்னும் பெயரால் மதிப்புப் பெறுகின்றன. அதே சேக்கி நகர் நானூறு ஆண்டுகளின் பின் மற்றொரு போருக்காகத் தொகைக் கணக்கில் வாள் செய்தது; அவை இழிவெனப்படுகின்றன. காலம் கழிந்தமையன்றி இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நாம் நினைப்பதினும் சிறிது. மேலும், விண்மீன் முத்திரை பெற்ற வாள்கள் பழைய முறையில் ஆக்கப்பட்டவையாகவும், படைக்கோலம் பூண்ட ஒரு குற்றத்தால் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன. தீர்ப்பு அலகை நோக்கி வழங்கப்படவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

போர்க்கால வாளைப் பேணுக என்று கூறுவது அதனைப் போற்றுக என்று கூறுவதன்று. இவ்விடத்தில் எதிர்ப்பக்கத்துப் பிழையையும் எடுத்துரைத்தல் கடன். ‘சாமுராயின் ஆன்மா’ என விற்போரும் வாங்குவோரும் அவ்வாளாற் செய்யப்பட்டதை மறைத்துவிடுகின்றனர். 1937இல் நான்கிங் நோக்கிச் சென்ற படையின் அதிகாரிகள் இருவர், வாளால் நூறு பேரைக் கொல்வதில் முந்துவது யார் எனப் போட்டியிட்டதாக யப்பானியச் செய்தித்தாள் ஒன்று புகழ்ந்து எழுதியது. அவ்விருவரும் 1948இல் நான்கிங்கிற் கொலைத்தண்டனை பெற்றனர். 1942இற் சிங்கப்பூரிற் கொள்ளையர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் தலைகள் வெட்டப்பட்டுப் பொதுவிடங்களில் வைக்கப்பட்டன. அந்நகரிலும் மலாயாவிலும் அரசாங்க எழுதுவினைஞராகவும் புகைவண்டிப் பகுதி உத்தியோகத்தராகவும் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் அவ்வாட்சியை 1945 வரை கண்டனர். தோட்டங்களிலிருந்து சயாம் மரண இருப்புப்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மீளவில்லை. அதிகாரியின் இடையில் தொங்கிய வாள் அவர்களுக்குக் கலைப்பொருளாகத் தோன்றியிராது. எண் வெட்டிய மலிவு வாளை உருக்கிவிட்டு, அழகிய பழைய வாளை மாத்திரம் கண்ணாடிப் பேழையில் வைப்போமாயின், வாள் அழகியதாகவே இருந்தது என்னும் பொய்யைப் பின்வருவோர்க்கு விட்டுச் செல்வோம். அழகற்ற வாளும் தன்னைப்பற்றி உண்மை கூறும் சாட்சியாகும். சாட்சியை அழித்தல் அறமாகாது.

ஆகவே, வாளொன்று தம் கைக்கு வந்தவர் செய்யத்தக்கது யாது? அலகைக் கையால் தொடாதிருத்தல், அடித்தண்டைத் தேய்க்காதிருத்தல், தீட்டுதற்குக் கண்டவரிடம் கொடாதிருத்தல், பிடி, உறை, குஞ்சம், சீட்டு ஆகிய அனைத்தையும் ஒருங்கே வைத்தல், எவர் எங்கே பெற்றார் என்பதை எழுதி வைத்தல், அதன்பின் வடிவம், எஃகு, தோய்ச்சற் கோடு, அடித்தண்டு, பெயர் என்னும் முறையிலே ஆராய்தல். அண்மைக்காலத்தில் போர்க்கால வாளைப் போலவே போலி செய்து விற்போரும் பெருகினமையால், எண்ணையும் முத்திரையையும் மாத்திரம் நம்புதல் ஏமாற்றத்தில் முடியும்.

இந்நெறியை உள்ளவாறு கைக்கொண்டவர் ஒருவரின் செயலைக் கூறி அமைவாம். ககோஷிமாவில் உள்ள தெருக்குனி ஆலயத்துக்கு உரிய, குனிமுனே என்னும் கொல்லனின் பெயர் பொறித்த பழைய வாள் ஒன்று, போரின் பின் நிகழ்ந்த கையகப்படுத்தலிற் காணாமற் போயிற்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்தவரும் மருத்துவரும் வாள் தொகுப்பாளருமாகிய வோல்ரர் கொம்ப்ரன், தம் நாட்டில் அகப்பட்ட ஒரு வாளை ஆராய்ந்து, அஃது அவ்வாலயத்தின் வாளே எனக் கண்டறிந்தார். கண்டறிந்தவர் அதனைத் தம் தொகுப்பின் அணியாக வைத்துக்கொள்ளவில்லை. 1960களின் முற்பகுதியில் விலை ஏதும் பெறாது ஆலயத்துக்கே அனுப்பி வைத்தார். இன்று அது யப்பானின் தேசிய அரும்பொருள்களுள் ஒன்று.

இனங்காணல் என்பதன் முடிந்த பயன் இஃதேயாம். ஒரு பொருள் யாது, எவன் ஆக்கினான், எவர்க்கு உரியது, அதனால் யாது நிகழ்ந்தது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அதனை அறிந்தோம் எனல் தகும். முதலிரண்டு வினாக்களில் வாளறிஞர் அடைந்த திறமை வியக்கத்தக்கது. எஞ்சிய இரண்டையும் அவர்கள் தங்கள் நெறியினுள் அடக்குவார்களாயின், ஔவையார் கண்ட இரு கொட்டில்களிலும் உள்ள வாள்கள் ஒரே கண்ணாற் காணப்படும். பெயரைக் கடந்து மெய்யைக் காணும் கல்வி வாளுக்கு மட்டுமன்றி, நூலுக்கும் வரலாற்றுக்கும் மாந்தர்க்கும் வேண்டுவதே என்பது எம் துணிபு.